கானான்விளையின் வில்லங்கம்

ஒரு வார்த்தைகூடத் தவறவில்லையாம். எங்கள் சபைப் போதகரான ஐயர் பிரசங்க மேடையைக் கையால் தட்டித் தட்டிச் சொல்கிறார். கர்த்தர் இஸ்ரவேலுக்குச் சொன்னதில் ஒன்றுகூட வீணாகவில்லை, தேசம் முழுக்கக் கைக்கு வந்தது, சுற்றிலும் சண்டை ஓய்ந்தது என்று. தட்டட்டும். மேடை தேக்கு, தாங்கும். எனக்குத்தான் பாதி காதில் ஏறவில்லை. எங்கள் வேதக்கோயிலுக்குத் தெற்கே உடைமர வேலிக்கு அந்தப் பக்கம் ஜேசிபி எஞ்சினை அணைக்காமல் போட்டிருக்கிறான் அந்த மடையன். அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதாம், பேட்டரி போய்விட்டதாம். அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து பெஞ்சில் ஏறி என் எலும்புக்குள் இறங்குகிறது. ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாரும் நடந்தே அந்த நிலத்துக்குப் போகிறோம், ஐயர் ஜெபிக்கிறார், பாட்டுப் பாடுகிறோம், சுண்டலும் காப்பியும் கொடுக்கிறோம். கூட்டம் கலைந்ததும் ஜேசிபி உள்ளே போய் வடிவின் வீட்டைத் தள்ளுகிறது. வீடு என்ன வீடு, மண்சுவர், பனையோலைக் கூரை, ஒரு இடியில் உட்கார்ந்துவிடும். நிலம் என்னுடையது. கிரயம் முடிந்துவிட்டது. நிலத்துக்குப் பழைய சொந்தக்காரர், சென்னையில் இருக்கிற டாக்டர், அவர் வீட்டில் போய் உட்கார்ந்து, பேசி, கோபித்து எழுந்து, செருப்பை மாட்டி, திரும்ப உட்கார்ந்து வாங்கியது. வடிவிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவளும் அவள் புருஷன் மூக்காண்டியும் டாக்டருடைய அப்பா காலத்தில் பனையேற வந்து குடிசை போட்டவர்கள், அவ்வளவுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததைத்தான் பிரசங்கம் தொடங்கினதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயருக்கு வேதம் தெரியும், நிலம் தெரியாது. வாக்குத்தத்தம் வாக்குத்தத்தம் என்கிறாரே, அது என்ன? அக்ரிமெண்ட். ஆபிரகாமைக் கூட்டிக்கொண்டு போய் வடக்கே பார், தெற்கே பார், உன் சந்ததிக்குத் தருவேன் என்று சொன்னது வெறும் வாய் அக்ரிமெண்ட். நிலம் கைக்கு வந்ததா, சுவாதீனம் கிடைத்ததா? ஆபிரகாம் சாகிறவரை கூடாரத்தில்தான் கிடந்தான். பெண்டாட்டி செத்தபோது புதைக்க ஓரடி இடம் இல்லை. அப்போது நிலத்துக்காரன் எப்பெரோன் வருகிறான் பாருங்கள், அவன் ஆள். ஊர் வாசலில் எல்லாரும் கேட்க, ‘விலை எதற்கு ஐயா, சும்மாவே எடுத்துக்கொள்ளும்’ என்கிறான். இந்த நிலத் தொழிலில் சும்மா எடுத்துக்கொள் என்கிறவனிடம்தான் நான் பர்ஸை இறுக்கிப் பிடிப்பேன். கடைசியில் போகிற போக்கில் ஒரு விலையைச் சொல்கிறான், நமக்குள்ளே அது என்ன பெரிசு என்கிறான். நானாக இருந்தால் அந்த இடத்தில் சிரித்துவிட்டு எழுந்திருப்பேன். ஆபிரகாம் மறுபேச்சில்லாமல் நிறுத்துக் கொடுத்தான். தேசம் முழுக்க உனக்கு என்று சொல்லப்பட்டவனுக்கு முதலில் பதிவானது ஒரு கல்லறை. அப்புறம் பேரன் காலம், பஞ்சம், எகிப்து, செங்கல் சூளை, நாற்பது வருஷ மணல். மோசேயைச் சொல்லவே வேண்டாம். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து எல்லையில் நிறுத்திவிட்டு அவர் மலைமேல் நின்று பார்த்ததோடு சரி. புரோக்கர் பிழைப்பு அது. எனக்குத் தெரியும். இந்தச் செம்மணல் தேரிக்காட்டில் பாதியை நான் கைமாற்றி விட்டிருக்கிறேன். எவனெவனோ பங்களா கட்டினான், எவனெவனோ முருங்கை போட்டான். எனக்கு இன்றைக்கு வரைக்கும் வாடகை வீடு. என் பெண்டாட்டி சொர்ணபாய் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு முருங்கைக்கொம்பை நட்டுவைத்தாள், வீட்டுக்காரன் வந்து யாரைக் கேட்டு நட்டாய் என்று பிடுங்கிப் போட்டான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் மறந்திருப்பேன். அதோ பெண்கள் பக்கத்தில் தலையில் முக்காடு போட்டு, மடியில் முருங்கைக்கொம்போடு உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் எண்ணெய் தடவின மாதிரி சந்தோஷம். இன்றைக்கு ஜெபம் முடிந்ததும் முதல் கொம்பை அவள் நடுவதாகப் பேச்சு. கர்த்தர் வாக்குக் கொடுத்த தேசத்தின் பேரையே எடுத்து, நிலத்துக்குக் கானான்விளை என்று இப்போதே பேர் வைத்துவிட்டாள்.

நட வேண்டியதுதானே? நடட்டும். நான் என்ன யார் வீட்டுக்குள்ளாவது கத்தியோடு போனேனா? வருஷப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தோம், வருஷத்துக்கு ஆளுக்கொரு வேத வசனம், எல்லாரையும் போலத்தான், தட்டில் குவித்து வைத்திருந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினேன். உன் காலடி மிதிக்கிற இடமெல்லாம் உனக்கு என்கிற அர்த்தத்தில், மோசேக்குப் பிறகு ஜனங்களை நடத்தின யோசுவாவுக்குச் சொன்ன வாக்கு. பக்கத்தில் நின்ற மச்சினன் கோயில்பிள்ளை எட்டிப் பார்த்து, “அத்தான், ஒமக்கு வந்த அட்டையப் பாத்தியளா, ஆண்டவரே புரோக்கர் வேலையில எறங்கிட்டாரு” என்றான். அப்போது சிரித்தேன். வீட்டுக்குப் போய்த் தூக்கம் வரவில்லை. காலடி மிதிக்கிற இடம். சரி, மிதிப்போம். எரிகோப் பட்டணத்தை எப்படிப் பிடித்தார்கள்? பேசாமல் சுற்றினார்கள், ஆறு நாள் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, ஆர்ப்பரித்ததும் மதில் விழுந்தது. நம் ஆட்கள் கேஸில் கிடக்கிற வீட்டை, விலை படியாத தோட்டத்தை அப்படிச் சுற்றி ஜெபிப்பது வழக்கம்தானே, பலித்தது என்று சாட்சி சொல்லாதவன் யார்? நானும் மாசியில் விடிகிற நேரத்தில் செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, அந்த நிலத்தின் நான்கு எல்லையையும் வாயைத் திறக்காமல் சுற்றினேன். காலில் உடைமுள் ஏறும், பிடுங்கிவிட்டு நடப்பேன். நடுவிலே அவர்கள் குடிசை, குடிசைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் அவர்களுடைய இசக்கியம்மன் பீடம், மஞ்சள் பூசின கல். அதை நான் பார்க்கவே இல்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. என் கண் எல்லைக் கல்லின் மேல்தான். ஆனால் அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். ஆறு நாளும் பார்த்திருக்கிறாள். ஏழாம் நாள் ஏழாவது சுற்று முடிகிற இடத்தில், இனி யோசுவாவின் ஜனங்கள் மாதிரி நான் அல்லேலூயா என்று ஆர்ப்பரிக்க வேண்டும், வாயைத் திறக்கிறேன், எதிரே வடிவு நிற்கிறாள். கையில் ஓலைப்பட்டை, பட்டை நிறைய பதனி. “குடிங்க அண்ணாச்சி. நேர்ச்சை முடிஞ்சிட்டுல்லா? ஆறு நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பேசாம சுத்துதியளேன்னு நானும் கொரல் குடுக்கல. வேதக்காரவுகளா இருந்தும் எங்க அம்மயத் தேடி வந்துட்டியளே” என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. அட முட்டாள் பொம்பளையே, உன் அம்மனையா சுற்றினேன், உன்னை அல்லவா சுற்றினேன்! அதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியில் சொல்லியிருந்தால் அவள் ஒரு கைப்பிடி மண்ணை வாரித் தூற்றியிருப்பாள், நான் வேட்டியைத் தட்டிக்கொண்டு போயிருப்பேன், கதை அன்றைக்கே தீர்ந்திருக்கும். நான் பட்டையை வாங்கினேன். குடித்தேன்.

இந்தத் தொழிலில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அதுதான். தூத்துக்குடியில் ஒரு முதலாளியிடம் எடுபிடியாக நின்றபோது, ஏல அருமைநாயகம், எவனை இடத்தைவிட்டு எழுப்பப் போகிறாயோ அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடாதே, தொண்டை நனைந்தால் நாக்கு வளைந்துவிடும் என்று மண்டையில் குட்டிச் சொன்னார். எத்தனை வீட்டில் காப்பியை ஆறவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அன்றைக்கு என்ன பேய் பிடித்தது? தாகம், அவ்வளவுதான், வெறும் தாகம். பதனி குளிர்ந்து கிடந்தது, சுண்ணாம்பு பதமாக இருந்தது, என் அப்பா இறக்குகிற பதனி மாதிரி. அப்பாவை இதில் இழுக்காதே. அப்பாவும் பனையேறிதான், அவரையும் ஒருத்தன் சாமானோடு வெளியே தூக்கி வைத்தான்தான், அம்மா நனைந்த பாயைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தாள்தான், அதற்கு நான் என்ன செய்ய? அதற்காகத்தான் இந்த நிலம். அதற்காக இந்த நிலத்தை விட வேண்டும் என்று எவனாவது சொன்னால் பல்லைக் கழற்றிவிடுவேன். குடித்து முடித்துப் பட்டையைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, “டாக்டரு வீட்ல நெலத்த விக்கப் போறதாச் சொல்லுதாவ. யாரு வாங்குனாலும் நீங்க நடுவுல இருப்பியள்லா? எங்கள எழுப்பிற மாட்டியளே அண்ணாச்சி?” என்று கேட்டாள். நான் சொன்னேன், “நான் இருக்கேம்லா, கவலப்படாத.” வாயில் பதனி வாசனையோடு சொன்னேன். அது ஒரு பேச்சா? நாள் தவறாமல் ஊரெல்லாம் சொல்கிற பேச்சு. வாங்குகிறவனிடமும் நான் இருக்கேம்லா, விற்கிறவனிடமும் நான் இருக்கேம்லா. சோப்பு மாதிரி, கை கழுவுகிற வரைக்கும்தான் நுரை. ஆனால் அந்த நுரையை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறேன், அதுவும் எனக்குத் தெரியும்.

“அத்தான்.” கோயில்பிள்ளை முழங்கையால் இடிக்கிறான். “ஜேசிபிக்காரன் போன் மேல போன் போடுதான். மத்தியானம் வேற வேல இருக்காம். ஐயர் சுருக்க முடிப்பாரா?” “ஏல, பிரசங்கத்துல போனப் பாக்காத. எஞ்சினை அணைக்கச் சொல்லு.” “அணைச்சா ஸ்டார்ட் ஆவாதாம்.” “அப்ப அவன வண்டியத் தள்ளி ஸ்டார்ட் பண்ணச் சொல்லு!” முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பாரும், நன்றாகப் பாரும், அருமைநாயகம் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா? ஐயர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஐயையோ, என் கதைக்கு வந்துவிட்டார். நம்முடைய சபையிலும் ஒரு எரிகோ விழுந்தது பிரியமானவர்களே என்கிறார். கேஸ் வரும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்களாம், ஸ்டே வாங்குவார்கள், இழுத்தடிப்பார்கள் என்றார்களாம், நம் சகோதரர் விசுவாசத்தோடு ஏழு நாள் நடந்தாராம், ஒரு வக்கீல் வரவில்லை, ஒரு நோட்டீஸ் வரவில்லை, மதில் தானாக விழுந்ததாம். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்கிறது. சொர்ணபாய் கண்ணைத் துடைக்கிறாள். இதை ஐயரிடம் சொன்னது நான்தான். கேஸ் வராமல் போனது ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. எனக்குக் கோயில்பிள்ளை சொன்னான், அவனுக்கு டீக்கடையில் கிடைத்த சேதி. வடிவு வீட்டுக்கு நாசரேத் பக்கமிருந்து ஒரு வக்கீல் வந்திருக்கிறான், ஏழைகளுக்கு இலவசமாக வாதாடுகிறவனாம், கையெழுத்து மட்டும் போடு, இத்தனை வருஷம் குடியிருந்த உன்னை எவனும் அசைக்க முடியாது என்றிருக்கிறான். அவன் சொன்னது சட்டப்படி சரி. அவன் ஸ்டே வாங்கியிருந்தால் என் தலை நரைத்து உதிர்ந்தபின்தான் தீர்ப்பு வந்திருக்கும். அவனுக்கும் ஒரு பட்டை பதனி கொடுத்து வடிவு சொன்னாளாம், “எங்களுக்குக் கேசு எதுக்கு சார்? அருமைநாயகத்து அண்ணாச்சி எங்க அம்மயச் சுத்தி நேர்ச்ச முடிச்சவரு, வாக்குக் குடுத்திருக்காரு.” கோயில்பிள்ளை அதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்தேனா? பல் வெளியே தெரிந்தது. மறுவாரமே பத்திரத்தை முடித்தேன்.

ஆபிரகாமிடம் கர்த்தர், நானூறு வருஷம் பொறு, அங்கே குடியிருக்கிற எமோரியருடைய அக்கிரமம் இன்னும் நிறையவில்லை என்று சொன்னதாக ஐயர் இப்போது விளக்குகிறார். சும்மா ஒருவனைக் கிளப்பவில்லை, அவன் பாவம் நிறைந்து வழிந்தபின்தான் கிளப்பினார், அவர் நீதியுள்ளவர் என்கிறார். நல்லது. அப்படியானால் வடிவின் அக்கிரமம் நிறைந்துவிட்டதா? என்ன அக்கிரமம்? கருப்பட்டியில் கொஞ்சம் மணல் சேர்த்திருப்பாளா? மூக்காண்டி பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறான், அவன் என்ன பாவத்தைச் செய்ய முடியும், கட்டிலை விட்டு இறங்கவே ஆள் வேண்டும். விக்கிரக ஆராதனை, அதைச் சொல்லலாம். சொல்லேன், நீ போய்ச் சொல்லேன் அவளிடம். நானூறு வருஷம் பொறுத்தவர் அவர். நான் மாசிக்கும் சித்திரைக்கும் நடுவே எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். ஐயர் வேகமாகப் போகிறார், ராஜாக்களின் பெயர்களை அடுக்குகிறார், எந்தப் பட்டணமும் சமாதானத்துக்கு வரவில்லை, எல்லாம் யுத்தத்தில் பிடிபட்டது, கிபியோனைத் தவிர என்கிறார், அதைத் தாண்டிப் போய்விட்டார். நில்லும் ஐயரே. அங்கே நில்லும். கிபியோனைத் தவிர என்றால் என்ன? நான் ஓய்வுநாள் பள்ளியில் படித்ததே கொஞ்சம், அதில் இது இருக்கிறது. கிபியோன்காரர்கள் யோசுவாவிடம் வந்தார்கள், பூசணம் பிடித்த அப்பம், கிழிந்த செருப்பு, தூரதேசத்திலிருந்து வருகிறோம் என்று பொய். இஸ்ரவேலர் அந்த அப்பத்தை வாங்கித் தின்றார்கள். கர்த்தரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தின்றுவிட்டு, உங்களை உயிரோடு விடுவோம் என்று சத்தியம் பண்ணினார்கள். பிறகு பார்த்தால் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், இவர்கள் வாங்க வேண்டிய நிலத்துக்குள்ளேயே குடியிருக்கிறவர்கள். ஜனங்கள் கத்தினார்கள், ஏமாற்றிவிட்டான் வெட்டு என்று. யோசுவாவும் பெரியவர்களும் என்ன சொன்னார்கள்? சொல்லிவிட்டோம், இனித் தொட முடியாது என்றார்கள். தேசத்தையே வாக்காகப் பெற்றவர்கள், நடுவில் ஒரு துண்டை, ஏமாந்து கொடுத்த தங்கள் வாக்குக்காக விட்டார்கள். விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்துக்கொண்டார்கள், அது வேறு. ஆனால் தொடவில்லை. வில்லங்கத்தோடுதான் கானான் கைக்கு வந்தது. ஐயரே, இதைச் சொல்லாமல் எப்படி எல்லாம் நிறைவேறிற்று என்று மேடையைத் தட்டுகிறீர்?

அவர்களாவது பொய்க்கு ஏமாந்தார்கள். வடிவு பொய் சொல்லவில்லையே. அவள் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டாள், நான் அதைக் கலைக்கவில்லை. பொய் யார் பக்கம்? விடு, அருமைநாயகம், பேசாமல் இரு, கிரயப் பத்திரத்தில் பதனி பற்றி ஒரு வரி கிடையாது. இஸ்ரவேலுக்குப் பின்னால் ராஜாவான சவுலும் அப்படித்தான் நினைத்தான். பழைய வாக்கு, யார் கேட்கப் போகிறார்கள் என்று கிபியோனியரை வெட்டினான். அவன் செத்த பிறகு தேசத்தில் பஞ்சம் வந்து, காரணம் கேட்டால் இதுதான் காரணம் என்று பதில் வந்து, அவன் வீட்டுப் பிள்ளைகளை மலைமேல் தூக்கில் போட்டார்கள். அவன் வீட்டுப் பிள்ளைகளை. என் மகள் ஜெபகனி மதுரையில் நிறைமாதமாக இருக்கிறாள். இதை ஏன் நினைத்தேன்? தூ. வாயைக் கழுவ வேண்டும், மனசைக் கழுவ வேண்டும். எனக்கு இசக்கி பயம் கிடையாது, கல்லுக்கு எவன் பயப்படுவான், ஜேசிபி அதையும் சேர்த்துத்தான் தள்ளும். எனக்குப் பயம் இந்தப் பக்கம், இந்த மேடைப் பக்கம். தன் வாக்கில் ஒன்றையும் தவறவிடாதவர் என்று இவர் தட்டித் தட்டிச் சொல்கிற அந்த ஆள், என் வாக்கை மட்டும் சோப்பு நுரை என்று எடுத்துக்கொள்வாரா? அவரிடம் நான் இருக்கேம்லா என்று பேரம் பேச முடியுமா? சட்டை முதுகில் ஒட்டுகிறது. எஞ்சின் சத்தம் திடீரென்று உயருகிறது, உறுமுகிறது, அந்த மடையன் கியர் போட்டுவிட்டானா, ஜெபத்துக்கு முன்னாலேயே போய் மத்தியான வேலைக்காகத் தள்ளிவிடப் போகிறானா? நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை. கோயில்பிள்ளை வேட்டியைப் பிடித்து இழுக்கிறான், “அத்தான், சாட்சி சொல்ல இன்னும் கூப்பிடல, உக்காரும்.” பிடியை உதறிவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியே வந்தேன். சொர்ணபாய் பார்த்தாள். அவள் பக்கம் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் அந்த முருங்கைக்கொம்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டிருப்பேன்.

வெயிலில் தேரிமணல் கொதித்தது. வேலியைத் தாண்டியதும் பார்த்தேன், ஜேசிபி நின்ற இடத்தில்தான் நிற்கிறது, ஓட்டுகிறவன் எஞ்சின் அணைந்துவிடாமல் ஆக்சிலேட்டரை மிதித்தபடி மேலே உட்கார்ந்து பதனி குடித்துக்கொண்டிருக்கிறான், வடிவு கீழே நின்று அவன் பட்டையில் இன்னும் ஊற்றுகிறாள். வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துக்கொண்டு வந்தாள். “வாங்க அண்ணாச்சி. ஒங்க கோயில்காரவ எல்லாரும் வாராவளாமே, இந்தத் தம்பி சொல்லுச்சு. ஒரு பானை எடுத்து வச்சிருக்கேன், போதுமா? இந்த வண்டி எதுக்கு? மேட்ட நெரவவா?” என்றாள். நான் ஓட்டுகிறவனிடம், “வண்டிய எடுத்துட்டுப் போல” என்றேன். “அண்ணாச்சி, வாடக...” “எடுல!” என்று கத்தினேன். அவன் எடுத்தான். அந்தச் சத்தம் ரோட்டில் தேய்ந்து போயிற்று. உள்ளே மூக்காண்டி இருமினான்.

“வடிவு, இந்த நெலத்த வாங்குனது நான்தான்.”

“நீங்களா?” அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் தாங்க முடியவில்லை. “நல்லதாப் போச்சு அண்ணாச்சி.”

“நல்லதா ஆவல. அந்த வண்டி ஒன் வீட்டத் தள்ள வந்தது. நாந்தான் வரச் சொன்னேன்.”

அவள் ரோட்டைப் பார்த்தாள், பீடத்தைப் பார்த்தாள். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். “அப்ப அந்த ஏழு நாளு சுத்துனது?”

“அதுவும் இதுக்குத்தான். ஒங்கம்மைய நான் பாக்கவே இல்ல.”

கோயிலில் கடைசிப் பாட்டுத் தொடங்கிவிட்டது, கொஞ்ச நேரத்தில் சபை இங்கே வந்து நிற்கும். திட்டுவாள் என்று நினைத்தேன், மண்ணை வாருவாள் என்று நினைத்தேன். அவள் செம்பையும் பானையையும் எடுத்துத் திண்டில் வைத்து மூடினாள். ஒருவருக்கும் அதில் பங்கு இல்லை என்கிற மாதிரி மூடினாள். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், “அன்னைக்கு வந்த வக்கீலு இனிக் கையெழுத்து வாங்குவாரா?” என்று கேட்டாள்.

“வாங்குவான்,” என்றேன். “போய்ப் பாரு. இன்னைக்கே போ. நாளைக்கு எனக்கு மனசு மாறிரும்.”